கசிவு இல்லாத பதிவு

எங்கள் பேண்டு கச்சேரி செய்த இத்தனை வருடத்தில், ஒன்றைத் தவிர வேறெந்த ரெக்கார்டிங்கிலும் என் டிரம்ஸ் கேட்டதில்லை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இருப்பதிலேயே அதிகச் சத்தம் போடுவது டிரம்ஸ்தானே, அது எப்படிக் கேட்காமல் போகும் என்கிறார்கள். சத்தமாக இருப்பதால்தான் அதற்கு யாரும் மைக் வைப்பதில்லை. மைக் வைக்காததால் பதிவில் அது விழுவதில்லை. மேடைக்கு முன்னால் நிற்பவருக்கு நான் நெஞ்சில் இடிப்பேன். மறுநாள் போனில் கேட்பவருக்கு, அடுத்த தெருவில் யாரோ கதவைத் தட்டுவதுபோல இருக்கும்.

நாங்கள் நான்கு பேர். பாடுகிறவன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரன். காலையில் மீன் ஏலம், சாயங்காலம் பாட்டு. கீபோர்டுக்காரன் ஊரப்பாக்கத்தில் இருந்து வருவான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அதனால் எங்கள் ஒயர், லேப்டாப், ஹார்ட் டிஸ்க் எல்லாம் அவன் பொறுப்பு. கிட்டார் வாசிப்பவர் எங்களைவிட மூத்தவர், செங்கல்பட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாத்த. நான் அச்சரப்பாக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். நான் சர்ச்சில் டிரம்ஸ் கற்றுக்கொண்டவன், பகலில் ஒரு பாக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.

ஈசிஆர் என்கிற கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் சனி ஞாயிறு மாலைகளில் வாசிக்க பேண்டு தேடுவதாகத் தெரிந்தது. பாடகன் மீன் கொடுக்கப் போகும் இடம் அது. அவன்தான் மேனேஜரைப் பிடித்தான். நால்வரும் போய் நின்றோம். மேனேஜர் எங்களைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "ஸ்டூடியோல பண்ணது எதுவும் அனுப்பாதீங்க. ஸ்டூடியோல என் டிரைவர்கூட நல்லா பாடுவார். ஜனங்க முன்னாடி வாசிச்சது வேணும், ஆனா ஆடியோ சுத்தமா இருக்கணும். முதலாளி கேட்டுட்டுதான் முடிவு சொல்வார்" என்றார்.

எனக்கு அந்த இடம் வேண்டும். சும்மா ஆசை இல்லை, வெறி. ஊர் ஊராக டெம்போவில் டிரம்ஸை ஏற்றி இறக்கி, திருவிழா முடிந்ததும் யாரும் பெயர் கேட்காமல் வீட்டுக்கு வருவது எனக்கு அலுத்துவிட்டது. ஒரே மேடையில் வாராவாரம் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன் டிரம்ஸும் வாசிப்பான் என்பது போய், டிரம்ஸ்காரன் பகலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான் என்று ஆக வேண்டும். ஒரு பதிவுகூட எடுப்பதற்கு முன்பே, அந்த வாரமே, சனி ஞாயிறு ஓவர்டைம் இனி எனக்கு வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். அவ்வளவு அவசரக்குடுக்கை நான்.

முதல் முயற்சி பாடகனின் சொந்தக் குப்பத்தில், ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழாவில். சொந்த ஜனம், கைதட்டலுக்குப் பஞ்சமில்லை, வீடியோ களைகட்டும் என்று நினைத்தோம். அந்த ஊரில் பாட்டை எப்படிக் கேட்பார்கள் என்பதை மறந்துவிட்டோம். பாட்டு பிடித்திருந்தால் பாடும்போதே மேடையேறி வந்து பாடகனுக்குத் துண்டு போர்த்துவார்கள். போர்த்தியவரின் பெயரை அப்போதே, பாட்டை நிறுத்தாமல், மைக்கில் சொல்ல வேண்டும். ஒருவர் பெயரைச் சொன்னால் அவருடைய பங்காளி சும்மா இருப்பாரா? அவர் இன்னொரு துண்டோடு வருவார். பெயரைச் சொல்லாமல் விட்டால் அடுத்த வருடம் அந்த ஊரில் நமக்குக் கச்சேரி இல்லை.

போனில் எடுத்ததை வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டோம். பல்லவியில் கடல்காற்று. முதல் சரணத்தில் பெயர்கள், வகையறாக்கள், பஞ்சாயத்தார். இரண்டாம் சரணம் முழுக்க மைக் மேல் விழுந்த ஒரு துண்டுக்குள் நடந்தது. டிரம்ஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"இத்த அனுப்பினா நம்மள துண்டு வியாபாரின்னு நெனச்சிக்குவான்" என்றார் அண்ணாத்த. எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது.

அடுத்த திருவிழாவில் கீபோர்டுக்காரன் யோசனை சொன்னான். மைக்செட்காரரின் மிக்ஸரில் இருந்து ஒரு ஒயர் இழுத்து நேராக லேப்டாப்பில் எடுத்தால் காற்றும் கூட்டமும் விழாது என்றான். சொன்னபடியே விழவில்லை. பாடகனின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல வந்தது. கீபோர்டு கண்ணாடி மாதிரி. கிட்டார் சுமார். நான் இல்லவே இல்லை. மிக்ஸருக்குள் போகாத எதுவும் லேப்டாப்புக்குள் போகாது, எனக்கு மைக் கிடையாது. பாடகனின் மைக்கில் பின்னாலிருந்து கசிந்தது மட்டும் அங்கங்கே தடதடவென்று கேட்டது.

"கொரலு சூப்பரா வந்துகீது மச்சான். இத்தயே அனுப்பிடலாம்" என்றான் பாடகன். பள்ளிக்கூட ஹாஸ்டலில் இருந்தே அவனும் நானும் மச்சான்தான்.

"நான் எங்கடா கீறேன் இதுல?"

"நேர்ல வந்து பாத்தா தெரியப் போவுது. டிரம்ஸு இல்லாமயா பாட்டு?"

எனக்கு வந்ததே கோபம். அண்ணாத்தயின் ஜெராக்ஸ் கடையில், வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் கத்தினேன். ஆளாளுக்குத் தனி மைக் வேண்டும், டிரம்ஸுக்கு மட்டும் நான்கைந்து மைக் வேண்டும், ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும், ஒருவன் சத்தத்தில் இன்னொருவன் சத்தம் கலக்கக் கூடாது, இல்லையென்றால் வேறு டிரம்ஸ்காரனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஆமாம், இதையெல்லாம் கேட்டது நான்தான். வேறு யார் சொல்லியிருந்தாலும் இன்றைக்கு அவனைத் திட்டியாவது ஆறியிருப்பேன்.

செங்கல்பட்டில் சர்ச் பாடல்களைப் பதிவு செய்து தரும் ஒருவரைப் பிடித்தோம். நிறையப் பேசமாட்டார். பேசினால் கசிவைப் பற்றித்தான் பேசுவார். ஒரு மைக்கில் அடுத்தவர் சத்தம் நுழைவதைத்தான் அவர் கசிவு என்பார். வீட்டுக் கூரை ஒழுகுவதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வார். திருவிழாவில் இது நடக்காது, மூடிய இடம் வேண்டும், ஆனால் ஜனங்களும் இருக்க வேண்டும் என்றார்.

மூடிய இடமும் ஜனமும் எங்கே ஒன்றாகக் கிடைக்கும்? மார்கழியில் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். அச்சரப்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த மண்டபம் ஒன்றை ஒரு மதியத்துக்குப் பேசினேன். காலையும் மாலையும் கோயில் ஸ்பீக்கர் பாடும், மதியம்தான் அமைதி. ஜனத்துக்கு நான்கு வீட்டுச் சொந்தக்காரர்களையும் அழைத்தோம். மண்டபத்துக்கு வரச் சொன்னால் நம் ஆட்கள் எதற்கு என்று கேட்பதில்லை. பட்டுப்புடவையும் வேட்டியுமாக வந்து இறங்கி, "எவன்டா மார்கழில கல்யாணம் வெக்கிறவன்?" என்று வாசலிலேயே சண்டைக்கு நின்றார்கள். என் சித்தி நேராகப் பின்பக்கம் போய் அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து, "பந்தி எப்ப?" என்றாள். கச்சேரி மட்டும்தான் என்றதும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பிரியாணிப் பொட்டலத்துக்குச் சொல்லி, அது வந்து சேர்ந்த பிறகுதான் சனம் நாற்காலியில் உட்கார்ந்தது.

மண்டபத்தின் சுவரெல்லாம் டைல்ஸ். கைதட்டினால் திரும்பக் கேட்டது. பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்த துணிகளைச் சுவர் நெடுகத் தொங்கவிட்டோம், ஜமுக்காளம் விரித்தோம். மின்விசிறியை நிறுத்தினோம். டியூப் லைட்டின் இரைச்சல் கிட்டாரில் விழுகிறது என்று லைட்டையும் அணைத்தார் பதிவுக்காரர். கடைசியாக என்னிடம் வந்தார். உங்கள் சத்தம்தான் எல்லா மைக்கிலும் கசிகிறது என்றார். மணமகன் அறையில் இருந்த மெத்தைகளைக் கொண்டுவந்து என்னைச் சுற்றி நிறுத்தினார்கள். முன்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. தலைக்கு மேல் மட்டும்தான் காலி.

நான் எப்போதும் பாடகனின் தோளைப் பார்த்துத்தான் வாசிப்பேன். அவன் மூச்சு இழுக்கும்போது தோள் ஏறும். கூட்டம் ஆட ஆரம்பித்தால் பல்லவியை இன்னொரு முறை பாடுவான், அதைத் தோளே முன்கூட்டிச் சொல்லிவிடும். மெத்தைக்குள் இருந்து தோள் தெரியவில்லை. காதில் ஹெட்போன், அதில் டிக் டிக் என்று ஒரு தாளக்கணக்கு. அந்த டிக்கை வைக்கச் சொன்னது கீபோர்டுக்காரன். "அதோட சேந்து வாசி மச்சான், எல்லாம் ஒரே அளவுல இருக்கும், நீட்டாதே குறுக்காதே" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவன் மனதில் அப்போதே ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்ததென்று சில நாள் சத்தியம் செய்வேன். சில நாள், பாவம் அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான் என்று தோன்றும். எப்படி நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அன்றைக்கு நன்றாக வாசித்தேன். சித்திகூட உட்கார்ந்த இடத்தில் தோளை ஆட்டியதாகச் சொன்னார்கள்.

சில நாள் கழித்து, பதிவுக்காரரின் அறையில் நால்வரும் உட்கார்ந்து கேட்டோம். வெளியே ஏரிப்பக்கம் இருந்து பஸ்களின் ஹாரன், உள்ளே கதவை மூடிவிட்டால் ஒன்றுமில்லை. அவர் ஒரு பட்டனை அழுத்தினார். நான் காலால் அடிக்கும் கிக் டிரம் என் வயிற்றில் வந்து இடித்தது. சிம்பலின் ஓரத்தை லேசாகத் தொடுவேன், அந்தத் தொடுதல்கூடத் தனியாகக் கேட்டது. இடது கையால் நான் மெதுவாகத் தட்டும் சின்ன அடிகள், யாருக்கும் கேட்காது என்று தெரிந்தே இத்தனை வருடம் தட்டிக்கொண்டிருந்தவை, ஒவ்வொன்றாகக் கேட்டன. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். அண்ணாத்த முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்தச் சந்தோஷம் பொய் இல்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதிவுக்காரருக்குத் தன் வேலையில் பெருமை. "கசிவே இல்ல பாருங்க" என்று பாடகனின் குரலை மட்டும் நிறுத்திக் காட்டினார். டிரம்ஸும் கிட்டாரும் கீபோர்டும் பாடகன் இல்லாமல் அழகாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

"அடப்பாவிங்களா, நான் இல்லாமயே ஷோக்கா கீதே!" என்றான் பாடகன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கீபோர்டுக்காரன் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, தனித்தனியாக இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான்.

பதிவை ரிசார்ட்டுக்கு அனுப்பினோம். பொங்கல் போனது. கேட்டால், முதலாளி ஊரில் இல்லை என்றான் பாடகன். மாசி பிறந்தது. கேட்டால், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம் என்றான். அப்புறம் போனை எடுப்பதே குறைந்துவிட்டது. மீன் சீசன், பேஜார் பண்ணாதே மச்சான் என்பான். நான் சனி ஞாயிறுகளில் வீட்டில் உட்கார்ந்து தலையணையில் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணாத்த பாக்டரிக்குப் போன் செய்தார். வழக்கமாகக் கிண்டலோடு ஆரம்பிப்பவர் அன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, நீ ரிசார்ட்டுக்குப் போய்கினு கீறியா?"

"இல்லியே அண்ணாத்த. இன்னும் பதிலே வரலையே."

"அப்ப ஒனக்கும் சொல்லல. அவனுங்க ரெண்டு பேரும் போன மாசத்துலேந்து அங்க வாசிச்சிகினு கீறானுங்க. என் கடைக்கு வர்ற ஒருத்தரு குடும்பத்தோட போயிட்டு வந்து சொல்றாரு. கிட்டாரும் டிரம்ஸும் பிரமாதமா கேட்டுச்சாம். ஆனா மேடையில ரெண்டு பேருதானாம்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். குரல் இல்லாத எங்கள் பதிவை கீபோர்டுக்காரன் லேப்டாப்பில் ஓடவிட, பாடகன் அதற்கு மேல் நேரில் பாடுகிறான். கீபோர்டும் பதிவிலேயே இருப்பதால் கீபோர்டுக்காரன் மேலே விரலை வைத்திருந்தால் போதும். கசிவு இருந்திருந்தால் இது நடந்திருக்காது. டிரம்ஸ் மைக்கில் பாடகனின் குரல் கொஞ்சம் விழுந்திருந்தாலும் இரண்டு பாடகர்கள் பாடுவதுபோலக் கேட்டு, குட்டு வெளிப்பட்டிருக்கும். நான்தான் மெத்தைக்குள் உட்கார்ந்து அதைத் தடுத்தேனே.

பாடகனுக்குப் போன் அடித்தேன். எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருந்தேன்.

"மச்சான், சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்படா சொல்லுவ? எனக்குப் பால் ஊத்தன பெறகா?"

"தபாரு, முதலாளிக்கு ரெக்கார்டிங்கு ரொம்பப் புடிச்சிபோச்சி. இதே சவுண்டு வோணும்ன்றாரு. ஆனா எடம் சின்னது, டிரம்ஸ் செட்டு புல்லுத்தரைய நாசம் பண்ணும், ரெண்டு பேரு போதும்னு மேனேஜர் சொல்ட்டான். நான் இன்னா பண்ண? வோணாம்னு வந்துட்டா வேற எவனாவது பூந்துடுவான். நீ அங்க இல்லன்னு எவன் சொன்னான்? ஒன்னதான் வாசிக்க வெச்சிகீறேன் மச்சான். வாரா வாரம் நீதான் வாசிக்கிற."

இதை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. சமாதானமாகச் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கீபோர்டுக்காரனிடம் பேசவே இல்லை. அவன் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான், கைகூப்பும் படம் மட்டும்.

வீட்டில் கதவைச் சாத்துவது, பாத்திரத்தை எறிவது என்று ஒரு வாரம் ஆடினேன். கடைசியில் என் மனைவிதான் சொன்னாள். "போயி ஒரு தபா கண்ணால பாத்துட்டு வந்துடு. இங்க ஒக்காந்துகினு என் குக்கர ஒடைக்காத."

ஒரு சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். முன்வாசலில் விடமாட்டார்கள் என்று தெரியும். கொஞ்சம் தள்ளி, குப்பத்துப் படகுகள் நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மணலில் நடந்தேன். ரிசார்ட்டின் புல்தரை கடற்கரையில் வந்து முடிகிறது, நடுவில் இடுப்புயரக் கயிறுவேலி. இன்னும் வெளிச்சம் இருந்தது. மேஜைகளில் குடும்பங்கள். மேடையில் பாடகன் வெள்ளைக் கோட்டில் நின்றான். கீபோர்டுக்காரன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவர்களுக்குப் பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர், அதில் நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

நன்றாக வாசித்தேன். இங்கே நான் வேலியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன், அங்கே என் கை ஓடிக்கொண்டே இருந்தது. மேஜைக்காரர்கள் நான்கைந்து பேர் ஆட எழுந்தார்கள். பாடகனின் தோள் ஏறியது, பல்லவியைத் திரும்பப் பிடிக்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. ஸ்பீக்கரில் இருந்த எனக்குத் தெரியவில்லை. அது சரணத்துக்குள் போய்விட்டது. அவன் அவசரமாகச் சரணத்தைப் பிடித்துக்கொண்டான். ஆடியவர்கள் ஒன்றையும் கவனிக்கவில்லை.

வேலியோரம் இருந்த வாட்ச்மேன் என்னிடம் வந்தார். எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறார். நல்ல மனிதர், விரட்டவில்லை.

"டிரம்ஸு அடிக்கிறவனத் தேடுறியா? எல்லாரும் அப்பிடித்தான் தேடுறாங்க. ஆளு கெடையாதுபா. எல்லாம் பொட்டிலேந்து வருது."

அந்தப் பெட்டிக்குள் இருப்பது நான்தான். சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

கடைசிப் பாட்டு வந்தது. எங்கள் கச்சேரிகளில் அதற்கு நடுவே பாடகன் ஒவ்வொருவர் பெயராக மைக்கில் சொல்வான், பெயர் சொன்னதும் அவரவர் கொஞ்ச நேரம் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். மண்டபத்திலும் சொன்னான். மெத்தைக்குள் ஹெட்போனில் என் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் நான் அடிக்க ஆரம்பித்தேன். இப்போது அவன் குரலை எடுத்துவிட்டதால் பெயர் இருந்த இடத்தில் ஒரு சின்ன மௌனம் இருந்தது. அதற்குப் பின்னால் வரும் என் வாசிப்பை வெட்டிவிட அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

முன்வரிசை மேஜையில் ஒரு பெண் குழந்தைக்குப் பிறந்தநாள். தலையில் காகிதக் கிரீடம், முன்னால் கேக். பாடகன் அந்த மௌனத்துக்குச் சரியாக, ஒரு நொடி பிசகாமல், கையை நீட்டி அந்தக் குழந்தையின் பெயரைச் சொன்னான். பழகியிருக்கிறான், வாரா வாரம் யாராவது ஒருவர் பெயர் இருக்கும். என் டிரம்ஸ் முழங்கியது. அப்பா குழந்தையை நாற்காலி மேல் தூக்கி நிறுத்தினார். அவள் இரண்டு கையாலும் காற்றில் தட்டித் தட்டி நான் வாசித்த அத்தனையையும் வாசித்தாள். முடிந்ததும் புல்தரை முழுக்க எழுந்து நின்று அவளுக்குக் கைதட்டியது. வாட்ச்மேனும் தட்டினார், தட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "தட்டேன்பா, பொறந்தநாளு" என்றார். நானும் தட்டினேன்.